பவர் ரிசர்வ் முள் என்ன கணக்குப் பார்க்கிறது?

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் கட்டாரிலிருந்து அப்பாவுக்கு ஒரு சீக்கோ ப்ரெசாஜ் வாட்ச் அனுப்பியிருக்கிறார். டயலில் வழக்கமான முட்களைத் தவிர விசிறி மாதிரி ஒரு வளைவு, அதில் ஒரு குட்டி முள். அதுதான் பவர் ரிசர்வ் முள், வாட்சில் இன்னும் எவ்வளவு சாவி மிச்சம் என்று காட்டுவது. அப்பா அதற்கு 'பெற்றோல் மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டாராம். எப்போது பார்த்தாலும் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது. நாள் முழுக்கக் கட்டியிருந்தும் உச்சிக்குப் போனதே இல்லை. இரண்டு தடவை விடியற்காலையில் வாட்ச் நின்றும் போயிருக்கிறது. ஒரு கடையில் பேட்டரி மாற்ற வேண்டும் என்றிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். வாட்ச் பழுதா இல்லையா, அந்த முள்ளை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, அப்பாவை முதலில் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழுது இருக்கிற மாதிரித் தெரியவில்லை. பேட்டரி மாற்றச் சொன்னவர் டயலை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார், அதற்குள் பேட்டரி என்று ஒன்றே கிடையாது. பின்மூடி கண்ணாடியாக இருந்தால் திருப்பிப் பாருங்கள். அரைவட்டமாக ஓர் உலோகத் தகடு, கையை அசைக்கும்போதெல்லாம் சுற்றும். அதுதான் ரோட்டர், அதுதான் சாவி கொடுக்கிறது. ஸ்பிரிங் அறுந்துவிடும் என்ற பயமும் இந்த வகை வாட்சுக்கு வேண்டியதில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். முள் உச்சிக்குப் போகாததன் காரணம் வாட்சைவிட அப்பாவின் நாற்காலியில்தான் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

ஹட்டனில் இந்த வாட்ச் ரிப்பேர் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பழைய ஆட்கள் வாட்சை இன்னும் 'ஒரலோசு' என்றுதான் கேட்டு வருவார்கள். சிங்களத்திலும் அந்தச் சொல்தான், ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போன சொல். ஒரு காலத்தில் மேசைக்கு வருகிறதில் பாதி சீக்கோ ஃபைவ். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அக்காமார் அப்பாவுக்கும் தம்பிக்கும் வாங்கி வந்தவை. அவற்றில் இந்த முள் கிடையாது. அநேகமானவற்றுக்குக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, ஆட்டிவிட்டுக் கட்ட வேண்டியதுதான். இப்போது அடுத்த தலைமுறை கொஞ்சம் விலையானதாக அனுப்புகிறது, முள்ளும் சேர்ந்து வருகிறது. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

முதலில் எதை எண்ணுகிறது என்று பார்ப்போம். வாட்சுக்குள் பேரல் என்று ஒரு சின்ன உலோக டப்பா, ஐந்து ரூபா நாணயத்தைவிடச் சிறியது. அதற்குள் சுருட்டி வைத்த ஒரு நீளமான பட்டை. அதுதான் மெயின் ஸ்பிரிங். சாதாரண ஆண்கள் வாட்ச் ஒன்றில் அதைப் பிரித்துப் பிடித்தால் 40 சென்டிமீட்டர் அளவில் வரும், கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஸ்பிரிங்கின் உள்முனை நடு அச்சில் கொளுவியிருக்கும். வெளிமுனை டப்பாவின் சுவரோடு இருக்கும். சாவி கொடுக்கும்போது, கையால் என்றாலும் சரி ரோட்டரால் என்றாலும் சரி, நடு அச்சு சுற்றும், ஸ்பிரிங் இறுகும். வாட்ச் ஓடும்போது டப்பா சுற்றும், ஸ்பிரிங் தளரும். டப்பா மெதுவாகத்தான் சுற்றும், ஏறக்குறைய ஆறு ஏழு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முழுச் சாவியிலிருந்து நிற்கும்வரை மொத்தமே ஏழு சுற்று அளவுதான்.

ஆக, வரவு அச்சு வழியாக, செலவு டப்பா வழியாக. இரண்டுக்கும் வழி வேறு வேறு என்பதால்தான் இந்த முள்ளைச் செய்யவே முடிந்தது.

உங்கள் அப்பா சொல்லும் பெற்றோல் மீட்டரில் டாங்கிக்குள் ஒரு மிதவை கிடக்கும். எண்ணெய் எவ்வளவு இருக்கிறதோ அதன் மேலேயே மிதந்து காட்டும். வாட்சில் அப்படி எதுவும் இல்லை. ஸ்பிரிங் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று யாரும் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதில்லை. அச்சு எத்தனை சுற்று சுற்றியது, டப்பா எத்தனை சுற்று சுற்றியது, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. முள் காட்டுவது அந்த மிச்சத்தை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு ஒன்று இருக்கும், பக்கத்தில் கொப்பியோடு கணக்கப்பிள்ளை நிற்பார். கூடையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது தராசுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தது கொப்பியில் எழுதியது மட்டும். சாக்கில் கொழுந்து வெந்து போனாலும், லொறி ஏறுமுன் கொஞ்சம் சிந்தினாலும் கொப்பியில் எழுத்து மாறாது. இந்தக் குட்டி முள் கணக்கப்பிள்ளை. அவர் தவறு செய்வார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பார்ப்பது கொப்பியை என்பதை மறக்கக் கூடாது. முள்ளில் வருகிற குழப்பங்களில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஸ்பிரிங்கின் விசையையே நேராகக் காட்டும் தனி முள்ளும் உலகத்தில் உண்டு, ரிச்சர்ட் மில் வாட்ச்கள் சிலவற்றில் இருக்கிறது. அந்த விலைக்கு இங்கே ஒரு காணியே வாங்கலாம், விடுவோம்.

கழித்தல் கணக்கை எந்த இயந்திரம் போடுகிறது? லொறியின் பின் அச்சில் உருண்டையாகத் தொங்குமே டிஃபரன்ஷல், அதே யோசனைதான். டயலைக் கழற்றிவிட்டு, கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பல்சக்கரங்கள் தெரியும். நடுவில் கடுகளவு இன்னொரு சக்கரம், தானும் சுற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் உரசியபடி நகரும். சாவிக் குமிழைத் திருகினால் ஒரு பக்கத்துப் பெரிய சக்கரம் மட்டும் சுற்றுகிறது. கடுகுச் சக்கரம் அதோடு உருண்டு போய், தன்னைத் தாங்கும் தகட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தகட்டின் அச்சில்தான் நம் குட்டி முள் உட்கார்ந்திருக்கிறது. திருகுவதை நிறுத்தினால் அந்தச் சக்கரம் அசையாது. மற்றதை டப்பா இழுக்கும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முள் இறங்கத் தொடங்கும். கையில் கட்டியிருக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ரோட்டர் ஏற்றுகிறது, டப்பா இறக்குகிறது, முள் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரம் குமிழைத் திருகித் திருகியே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தொழில் பழக்கிய பாஸ், 'சம்பளம் கழிச்சிருவேன்' என்று அதட்டும்வரை.

இனி 'ஸ்பிரிங் அறுந்துவிடும்' விஷயம். பழைய கைச்சாவி வாட்சில் ஸ்பிரிங்கின் வெளிமுனை டப்பாச் சுவரில் கொளுவியிருக்கும். முழுதாக இறுகியதும் குமிழ் டக்கென்று நிற்கும், அதற்கு மேல் பலவந்தம் பண்ணக் கூடாது. அப்போதும்கூட அறுந்துபோன ஸ்பிரிங்குகளில் அதிகமானவை கூடச் சாவி கொடுத்ததால் அறுந்தவை இல்லை. அந்தக் காலத்து நீல எஃகு நம்முடைய மழையிலும் மிஸ்டிலும் துருப்பிடிக்கும், ஒரு நாள் தானாகவே அறும். அன்றைக்குக் காலையில் கடைசியாக யார் சாவி கொடுத்தாரோ அவர் தலையில் பழி விழுந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காலத்து நினைவில் பேசுகிறார். ஓட்டோமெட்டிக்கில், அதாவது உங்களுடையது மாதிரி ரோட்டரால் தானே சாவி ஏறும் வாட்சில், வெளிமுனையைக் கொளுவி வைக்க மாட்டார்கள். வைத்தால் ரோட்டர் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி எதையாவது உடைத்துவிடும். அதனால் வெளிமுனை டப்பாச் சுவரை அழுத்தி உரசிக்கொண்டு நிற்கும். இறுக்கம் அளவுக்கு மிஞ்சினால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். பவர் ரிசர்வ் முள்ளுக்கும் அதே மாதிரி ஒரு வழுக்கல் வைத்திருப்பார்கள். ஸ்பிரிங் வழுக்கும்போது அச்சு சும்மா சுற்றுகிறதே, அதையும் வரவில் எழுதினால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் உச்சியில் முள் நின்றுகொள்ளும், அதன் சக்கரம் மட்டும் உரசிக்கொண்டு நழுவும். சுருக்கமாக, அப்பா தாராளமாகச் சாவி கொடுக்கலாம். முள் உச்சிக்கு வந்த பிறகும் திருகிக்கொண்டே இருக்காமல் விட்டால் போதும்.

அப்புறம் மணிக்கணக்கு. உங்கள் அண்ணன் அனுப்பியதற்குள் 4ஆர்57 என்ற மெஷின் இருக்கும் என்று நினைக்கிறேன், ப்ரெசாஜில் முள் வைத்து வருகிற பலவற்றில் அதுதான். முழுச் சாவியில் ஏறக்குறைய 41 மணி நேரம் ஓடும். அப்படியானால் பாதியில் நிற்கும் முள்ளுக்கு இருபது மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போடலாமா? ஓரளவுக்குப் போடலாம், ஆனால் அந்த இருபது மணி நேரமும் ஒரே தரமான இருபது இல்லை.

ஸ்பிரிங் தளரத் தளர அதன் விசை குறைகிறது. நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் இரண்டு பக்கமும் ஆடுகிற ஆட்டம் சின்னதாகிறது. டைம்கிராஃபர் என்ற கருவியில் வைத்தால் அந்த ஆட்டத்தைப் பாகையில் காட்டும். நல்ல நிலையில் இருக்கும் மெஷின் ஒன்று முழுச் சாவியில் 280 பாகை அளவுக்கு ஆடும், ஒரு நாள் கழித்து 240க்குப் பக்கத்தில் வந்திருக்கும். கடைசி மணி நேரங்களில் 200க்கும் கீழே. ஆட்டம் மாறினால் நேரமும் மாறும். கொள்கைப்படி, அந்தச் சக்கரத்தை ஆட்டுகிற ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் சின்ன ஆட்டத்துக்கும் பெரிய ஆட்டத்துக்கும் ஒரே நேரத்தை எடுக்க வேண்டும், நடைமுறையில் அப்படி எடுப்பதில்லை. ஆகவே முள் கீழ்க் கால்வாசிக்குள் வந்துவிட்டால் வாட்ச் ஓடும், ஆனால் அதன் நேரத்தை வைத்து நானுஓயாவில் ரயில் பிடிக்கப் போகாதீர்கள். ரயில் தாமதமாகத்தான் வரும் என்பது வேறு கதை.

செய்கிறவர்களுக்கும் இது தெரியும். ஐடபிள்யூசி நிறுவனம் ஏழு நாள் ஓடுகிற பெரிய மெஷின் ஒன்றைச் செய்தபோது, அதன் ஸ்பிரிங்கில் எட்டு நாளைத் தாண்டியும் சக்தி இருந்தது. ஆனாலும் சரியாக 168 மணி நேரத்தில் மெஷின் தானே நின்றுவிடும்படி ஒரு தடையை வைத்தார்கள். தளர்ந்த ஸ்பிரிங்கில் பிழையாக ஓடுவதைவிட நிற்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கும். சீக்கோவின் ஸ்பிரிங் டிரைவ் வேறு வழியில் போனது. 1999இல் விற்பனைக்கு வந்த அதில் ஓட்டுவது ஸ்பிரிங்தான், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது குவார்ட்ஸ் படிகமும் ஒரு மின்காந்தப் பிரேக்கும். அதனால் முள் எங்கே நின்றாலும் நேரம் அப்படியே இருக்கும். அதில் பாதி என்றால் உண்மையிலேயே பாதி.

இந்த முள் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி சொல்ல வேண்டும். கைக்கு வருமுன் அது கப்பலில் இருந்தது. கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவிய குரோனோமீட்டர் என்ற கடிகாரங்களின் டயலில் 0 முதல் 56 வரை ஒரு சின்ன வட்டம் இருக்கும். சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அது சொல்லும். தினமும் ஒரே நேரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. முள் 24ஐத் தாண்டிப் போயிருந்தால் பொறுப்பாளர் மறந்துவிட்டார் என்று அர்த்தம், கப்டன் அதை எட்டிப் பார்த்தே பிடித்துவிடலாம். அமெரிக்க ரயில்வே ஊழியர்களின் பைக்கடிகாரங்கள் சிலவற்றிலும் அதே காரணத்துக்காக இப்படி ஒரு முள் உண்டு. கைக்கடிகாரத்தில் இது பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1948இல், ஜெகர்-லெகூல்த்ர் செய்த பவர்மாட்டிக்கில். அதுவும் ஓட்டோமெட்டிக். சாவி கொடுக்காமல் தானே ஓடும் என்று சொன்னால் அந்தக் காலத்துச் சனம் சும்மா நம்பியிருக்காது, கண்ணால் காட்ட ஏதாவது வேண்டியிருந்திருக்கும். ஜெர்மனியின் லாங்கே நிறுவனம் 1994இல் கொண்டுவந்த 'லாங்கே 1' என்ற வாட்சில் மேலே, கீழே என்று பொருள்படும் இரண்டு ஜெர்மன் சொற்களை எழுதியே வைத்திருக்கிறார்கள். அது கைச்சாவி வாட்ச், மூன்று நாள் ஓடும். அங்கே முள்ளுக்கு வேலை இருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: கைச்சாவி வாட்சில் இந்த முள் தேவை, ஓட்டோமெட்டிக்கில் பெரும்பாலும் அலங்காரம். ஓடி ஆடி வேலை செய்கிறவர் கட்டினால் முள் மத்தியானத்துக்குள் மேலே ஏறிப் படுத்துவிடும், பிறகு பார்க்கவே தேவையில்லை. ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் அது அலங்காரம் இல்லை. ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் தேத்தண்ணி, பத்திரிகை, பிறகு டிவி, சாயந்தரம் கோயில் வரைக்கும் ஒரு நடை. வாட்ச் கட்டிய இடது கை நாற்காலிக் கையில் அப்படியே கிடக்கும். ரோட்டருக்கு என்ன வேலை? அது முழுதாக இறுக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான சுற்றுகள் வேண்டும். வாட்சைச் சுழற்றி வைக்கும் பெட்டிகளை ஒரு நாளைக்கு 650 முதல் 900 சுற்று என்று செட் பண்ணுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வரவு செலவுக்கே பத்தாமல் இருக்கிறது. முள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூன்றாம் நான்காம் நாள் விடியற்காலையில் நிற்கிறது. கொப்பி சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு தடவை சீசனில் சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறும்போது இதைப் பார்ப்பதற்காகவே முள் வைத்த வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். அடிவாரத்தில் கால்வாசியில் இருந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் படி, இரவு முழுக்க நடை, உச்சிக்குப் போனால் முள்ளும் உச்சிக்குப் போயிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மேலே போய் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஏன் என்று இறங்கும்போதுதான் பிடிபட்டது. ஏறும்போது இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போயிருக்கிறேன், கை ஆடவே இல்லை. இறங்கும்போது இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தேன். நல்லதண்ணியில் பஸ் ஏறுமுன் நிறைந்திருந்தது.

பழுது இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இங்கேதான் கொப்பியும் கூடையும் ஒத்துப்போகாத இடங்கள் வருகின்றன, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முள் சும்மா மூன்றில் ஒரு பங்கில் நிற்க, வாட்ச் நின்றுவிட்டது என்றால் மூன்று சாத்தியம். அதிகம் வருவது, எண்ணெய் காய்ந்துபோன மெஷின். ஸ்பிரிங்கில் சக்தி இருக்கிறது, ஆனால் காய்ந்த எண்ணெயை எதிர்த்து ஓடுவதற்கு அது போதவில்லை. இது வருடக்கணக்கில் சர்வீஸ் செய்யாத வாட்சில் வரும். இரண்டாவது, டப்பாச் சுவரில் பூசும் கிரீஸ். ஸ்பிரிங் உரிய இடத்தில் வழுக்குவதற்கென்று தனிக் கிரீஸ் இருக்கிறது. கண்ட எண்ணெயைப் பூசினால் பாதி இறுகும்போதே வழுக்கிவிடும். அச்சு சுற்றுகிறது, கணக்கப்பிள்ளை வரவு எழுதுகிறார், கூடையில் ஒன்றும் விழவில்லை. முள் 'ஃபுல்' என்று காட்டும், வாட்ச் ஒரு நாள்கூட ஓடாது. மூன்றாவது, முள்ளைப் பிழையான இடத்தில் குத்தியிருப்பது. அது ரிப்பேர்காரரின் பிழை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன்.

தொழில் பழகி நாலைந்து வருடம் இருக்கும். ஒரு டீமேக்கர் ஐயா ஓரியன்ட் ஸ்டார் ஒன்றைச் சர்வீஸுக்குத் தந்திருந்தார். எல்லாம் கழுவி, எண்ணெய் விட்டு, பூட்டி, ஓடுகிறதா என்று பார்க்கக் குமிழைப் பத்துப் பன்னிரண்டு சுற்று திருகினேன். அருமையாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் டயலைப் போட்டு, முட்களைக் குத்தினேன். பவர் ரிசர்வ் முள்ளைப் பூச்சியத்துக்கு நேராகக் குத்திவிட்டேன். ஸ்பிரிங்கில் ஏற்கெனவே பத்து மணி நேரத்துக்குக் கிட்ட இருக்கிறது என்பதை மறந்தே போனேன். மூன்று நாள் கழித்து ஐயா வந்தார். கோபப்படவில்லை. 'தம்பி, இது காலியாகிப் பத்து மணி நேரத்துக்குப் பிறகும் ஓடுது, தோட்டத்தில் இப்படி ஒருத்தனும் வேலை செய்யிறதில்லையே' என்றார். பாஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி, மெஷின் சாகும்வரை காத்திருந்துதான் அந்த முள்ளைக் குத்துகிறேன். வேறு வழியில்லை, கணக்கைப் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

முள் பூச்சியத்துக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் ஓடுவது பழுது இல்லை. அநேகமான வாட்ச்களில் அடியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். முள் அசையவே இல்லை, வாட்ச் நன்றாக ஓடுகிறது என்றால் அந்தக் கடுகுச் சக்கரப் பகுதியில்தான் ஏதோ. அவசரமில்லை, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், உங்களுடையதற்குப் பொருந்தாது, படிக்கிற மற்றவர்களுக்காக. பெரிய பெயர்கள் எழுதிய போலி வாட்ச்கள் சிலவற்றில் 'பவர் ரிசர்வ்' என்று அழகாக அச்சடித்திருக்கும், முள் உண்மையில் கிழமையையோ 24 மணி நேரத்தையோ காட்டிக்கொண்டிருக்கும். சோதிப்பது சுலபம். நின்றுபோன வாட்சுக்குப் பத்துச் சுற்று சாவி கொடுங்கள். முள் ஏறினால் சரி. குமிழை இழுத்து நேரம் மாற்றும்போதுதான் அது நகர்கிறது என்றால் அது பவர் ரிசர்வ் முள் இல்லை. சீக்கோ கைனடிக் வைத்திருப்பவர்களும் குழம்புகிறார்கள். அதிலும் ரோட்டர் இருக்கிறது, ஆனால் அது மின்சாரம் உண்டாக்கிச் சேமிக்கிறது. பொத்தானை அமுக்கினால் செக்கன் முள் 5, 10, 20, 30 செக்கன் என்று தாவிச் சேமிப்பைச் சொல்லும். அது வேறு குடும்பம், அதற்குத்தான் பேட்டரி மாதிரி ஒன்றை மாற்ற வேண்டி வரும். கடைக்காரர் அதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

சரி, இனி என்ன செய்வது. அப்பாவைக் காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், வாட்சைக் கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, குமிழை இருபது சுற்று திருகச் சொல்லுங்கள். கட்டியபடியே திருகினால் குமிழின் தண்டில் பக்கவாட்டில் பாரம் விழும். அந்த இருபது சுற்றோடு ரோட்டர் ஏற்றுகிறதும் சேர்ந்தால் முள் பாதிக்கு மேலேயே நிற்கும், நேரமும் நன்றாக ஓடும். சுழற்றுகிற பெட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்று அண்ணன் கேட்பார், காசு வீண். இரண்டு மூன்று நாள் கட்டாவிட்டால் நிற்கட்டும், தவறில்லை. திரும்ப ஓட வைக்கும்போது திகதியை மட்டும் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட நேரத்தில் மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் திகதிச் சக்கரத்தின் பற்கள் மாட்டிக்கொண்டிருக்கும்.

பழுதில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு வார இறுதியில் இதைச் செய்யுங்கள். வாட்சை முழுதாக நிற்க விடுங்கள், முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பத்துப் பத்துச் சுற்றாகச் சாவி கொடுத்து, ஒவ்வொரு பத்துக்கும் முள் எங்கே வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐம்பது சுற்றுக்குக் கிட்ட உச்சியைத் தொட வேண்டும். தொட்டதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, டயல் மேலே பார்க்க மேசையில் வையுங்கள், யாரும் தொட வேண்டாம். நாற்பது மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடி, முள் அடிக்கு வந்து நின்றால் என்னிடம் வரத் தேவையே இல்லை. முப்பதுக்குக் குறைவாக ஓடினாலோ, முள் நடுவழியில் நிற்க வாட்ச் நின்றாலோ கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குத் தோட்டத்துச் சனம் முழுக்க டவுனில்தான், உட்கார்ந்து பேச முடியாது. வரும்போது அந்தக் கொப்பியையும் எடுத்து வாருங்கள், வாட்சைத் திறக்குமுன் அதைத்தான் பார்ப்பேன்.